சேவலை அறுத்தாச்சு, குஞ்சு எங்கிருந்து வந்துச்சு?

வா சாமி, உக்காரு. கட்டில்ல அந்தப் பக்கம் கயிறு தொங்குது, இக்கட்ட வந்து உக்காரு. உங்கம்மா வெடியாலயே போன் பண்ணீட்டா. "பையன் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டே திரியறான், நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்கப்பா"ன்னா. என்ன சங்கதின்னு சொல்லல. சொல்லோணுமா என்ன? கல்யாணமாகி மூணாவது ஆடி வந்துருச்சு. அந்தப் புள்ளையக் கூட்டிட்டுப் போகாத கோயில் இல்ல. அரச மரம் சுத்தியாச்சு, தொட்டில் கட்டியாச்சு. டவுன்ல ஸ்கேன் எடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க, கருக்குழாய்ல மருந்தடிச்சு எக்ஸ்ரே எடுத்தாங்க. எல்லாம் அவளுக்கு.

உனக்கு என்ன எடுத்தாங்க? போட்டோவா?

"எனக்கு எதுக்குங்க அப்பிச்சி, நான் நல்லாத்தான இருக்கறேன்"ங்கறே. இருக்கறே, நானும் பாக்கறேன். மீசை நல்லா இருக்குது, புல்லட்டு நல்லா இருக்குது. இது என்ன மீசைல எண்ணிப் பாக்கற சமாச்சாரமா?

அப்பன்கிட்டப் பேசக் கூசறதை அப்பிச்சிகிட்டப் பேசலாம், தப்பில்ல. நான் 31 வருசம் மாட்டாசுபத்திரில பராமரிப்பு உதவியாளரா இருந்தவன். சினை ஊசி போடறதுக்கு டாக்டருக்கு ஸ்ட்ரா எடுத்துக் குடுக்கறதே என்ர சோலி. ஊசின்னு பேரு, அதுல ஊசியே கிடையாது. கால் மில்லி புடிக்கற சின்னக் குழல். அதுக்குள்ள ஊட்டிக் காளையோட அணு ரெண்டு கோடி. திரவ நைட்ரஜன் கேன்ல மைனஸ் 196 டிகிரில வருசக்கணக்கா உறங்கிட்டுக் கிடக்கும். எடுத்து 37 டிகிரி தண்ணில அரை நிமிசம் விட்டாப் போதும், எந்திரிச்சு நீந்த ஆரம்பிச்சுரும். காளை செத்து எலும்பு மக்கியிருக்கும், இங்க அதுக்குக் கன்னு பொறக்கும்.

அதைச் சொல்ல வரல. மாட்டுக்கு மூணு தடவை போட்டும் சினை நிக்கலன்னு வெச்சுக்க. தோட்டத்துக்காரர் வந்து மொத வார்த்தை என்ன கேப்பார்ங்கறே? "டாக்டரே, சரக்கு சரியில்லைங்களா? வேற காளையோடது போட்டுப் பாருங்க." அந்த மனுசனே ஊட்டுக்குப் போனா மருமகளைப் பாத்து, "இது எந்த நேரத்துல வந்துச்சோ"ம்பார். எருமைக்குக் கிடைக்கற நாயம் கட்டிட்டு வந்தவளுக்குக் கிடைக்கல. நீயும் அந்தக் கூட்டத்துல சேந்துட்டியேன்னுதான் எனக்கு வருத்தம்.

சரி, போன நோம்பி ஞாபகம் இருக்குதா? உங்க அமுச்சி அந்தக் கொண்டைச் சேவலை அறுத்தா. நீதான் தொடைக்கறி ரெண்டையும் தின்னே. ஊட்டுல வேற சேவல் இல்ல. பத்து நாள் கழிச்சு வெச்ச முட்டைகளை அடை வெச்சா, குஞ்சு பொரிச்சுருச்சு. உங்க அமுச்சி வேலிக்கு அக்கட்ட நின்ன பக்கத்துத் தோட்டத்துச் சேவலையே ஒரு மாதிரியாப் பாத்தா. அதுமேல ஒரு குத்தமும் இல்ல சாமி. கோழி வகுத்துக்குள்ள சின்னச் சின்னப் பைங்க இருக்குது. சேவல் ஒரு தடவை குடுத்ததை அதுல வெச்சுக் காப்பாத்தி, ரெண்டு மூணு வாரத்துக்கு முட்டை முட்டையாச் செலவு பண்ணும். சேவல் கொழம்புக்குள்ள, வாரிசு கூட்டுக்குள்ள.

தேனீல ராணியைப் பாரு. பறக்கப் போற அந்த நாலு நாள்ல பத்துப் பன்னெண்டு ஆம்பளைங்களோட சேரும். சேந்த ஆம்பளை அங்கயே செத்து விழும். ராணி மட்டும் அந்த அணுவைப் பையில வெச்சுட்டு வருசக்கணக்குல முட்டை வெக்கும்.

மனுசனுக்கு அந்த வசதி இல்ல. உன்ர அணு அந்தப் புள்ள வகுத்துக்குள்ள போனா, காலம் கூடி வந்தா அஞ்சு நாள் தாங்கும். வேட்டில சிந்திக் காஞ்சுதுன்னா நிமிசத்துல போயிரும். உன்ர சொந்த உடம்புக்குள்ளதான் அதுக்கு ஆயுசு அதிகம், வாரக்கணக்கா இருக்கும். அது தெரியாம நம்மூர்ல ஒரு குடும்பமே ரெண்டாகப் பாத்துச்சு. ஆரு ஊடுன்னு கேக்காதே. அந்தாளு முகாம்ல போய்க் கருத்தடை பண்ணிட்டு, வாளியும் பணமும் வாங்கிட்டு வந்தான். அடுத்த மாசமே பொண்டாட்டி முழுகாம இருக்கா. அருவாளைத் தூக்கிட்டான். நான்தான் கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட உக்கார வெச்சேன். "ஏம்ப்பா, மூணு மாசத்துக்கு ஆணுறை போடு, அப்பறம் வந்து டெஸ்ட் குடுன்னு சொன்னமே, போட்டியா?"ன்னு கேட்டார். போடல. மடையை அடைச்சாலும் மடைக்கு இக்கட்ட வாய்க்கால்ல நின்ன தண்ணி ஓடத்தான செய்யும்? அந்தப் பையன் இப்ப அச்சு அசல் அப்பனாட்டவே இருக்கறான், அதே பொறுமையில்லாத மூஞ்சி.

உன்ர கதைக்கு வர்றேன். உள்ள என்ன நடக்குதுன்னு உனக்கு ஆரும் சொல்லிருக்க மாட்டாங்க. சினிமால பூவும் பூவும் முட்டறதோட நிறுத்திக்கறாங்க.

ஒரு தடவைக்கு நாலு கோடியில இருந்து இருவது முப்பது கோடி வரைக்கும் கிளம்புதுன்னு வெச்சுக்க. ஒவ்வொண்ணும் ஒரு மில்லி மீட்டர்ல இருவதுல ஒரு பங்கு நீளம், அதுல முக்காவாசிக்கு மேல வால். இதுக போக வேண்டியது ஒரு சாண் தூரம். ஒரு சாண்தானன்னு சிரிக்காதே. அதோட ஒடம்புக்கு அது மூவாயிரம் மடங்கு. நீ அஞ்சரை அடி. கணக்குப் போட்டா கீழ்பவானி வாய்க்கால்ல அஞ்சு கிலோமீட்டர் எதிர்நீச்சல் போடற மாதிரி. நீ போன சித்திரைல கெணத்துல ஒரு சுத்து நீந்திட்டு மூச்சு வாங்கினதைப் பாத்தவன் நான்.

வாசல்லயே ஆபத்து. அங்க இருக்கறது புளிச்ச மோராட்டம் அமிலம். நெசமாவே தயிரைப் புளிக்க வெக்கற கிருமியோட சொந்தக்காரங்கதான் அங்க குடியிருக்கறாங்க. கெட்ட கிருமி உள்ள வராமக் காக்கற காவல் அது. உன்ர அணுவும் அந்தக் காவலுக்கு வெளியூரான்தான். விந்துத் தண்ணி காரமா இருக்கறதால கொஞ்ச நேரம் தாக்குப் புடிக்கும். அந்தத் தண்ணில அணு நூத்துக்கு அஞ்சு பங்குகூட இருக்காது. மீதியெல்லாம் வழிச்செலவு: சக்கரை, பசை, காரம். அதுக்குள்ள தப்பிச்சு மேல ஏறினதுதான் ஏறினது, மத்ததெல்லாம் சில மணி நேரத்துல காலி.

அடுத்தது கருப்பை வாய். அதை மதகுன்னு வெச்சுக்க. மாசத்துல பெரும்பாலான நாள் அங்க சளி கெட்டியா அடைச்சுட்டு நிக்கும், ஈ எறும்பு போகாது. முட்டை வெளிய வர்றதுக்கு முந்தின சில நாள் மட்டும் அது முட்டை வெள்ளைக்கருவாட்டம் இளகி, கண்ணாடி மாதிரி, ரெண்டு விரல்ல இழுத்தா நூலு நூலா வரும். அப்பத்தான் மதகு தொறக்குது. உள்ள போனா வெள்ளை அணு படை, எவன்டா வந்தவன்னு அடிச்சுத் தின்னும். அதுக்கப்பறம் வழி ரெண்டாப் பிரியும். ரெண்டு குழாய், பெரும்பாலும் ஒண்ணுலதான் முட்டை. தப்பான பக்கம் போனவனுக்கு யூ டர்ன் கிடையாது.

கடைசில முட்டைக்குப் பக்கத்துல போறது சில நூறு இருந்தா அதிகம். கோடில கிளம்பி நூத்துல நிக்கற ஊர்வலம் உலகத்துல வேற எங்க இருக்குது, நம்மூர்ப் பாதயாத்திரையத் தவிர?

நீ என்னமோ நெனச்சிருப்பே, மொதல்ல ஓடிப் போய் முட்டினவன்தான் ஜெயிச்சவன்னு. பள்ளிக்கூடத்துல அப்படித்தான் ஓட்டப் பந்தயமாட்டம் சொல்லிக் குடுத்தாங்க. இல்ல சாமி. அங்க போய்ச் சேந்ததும் அதுக்கு ஒரு வேலையும் தெரியாது. பொம்பளை ஒடம்புக்குள்ள சில மணி நேரம் ஊறி, மேல இருக்கற பூச்செல்லாம் கழண்டு, வால் சாட்டையாட்டம் அடிக்கப் பழகினாத்தான் முட்டையத் தொடற தகுதி வரும். 1951ல சாங்ன்னு ஒரு சீனாக்காரர் அமெரிக்கால மொசல வெச்சும், ஆஸ்டின்ன்னு ஒருத்தர் ஆஸ்திரேலியால எலிய வெச்சும், தனித்தனியாக் கண்டுபுடிச்சாங்க. வந்த மாப்பிள்ளையக் கொஞ்ச நாள் மாமனார் ஊட்டுல ஊறப் போட்டுத்தான் ஆளாக்கறாங்க. உனக்கும் அப்படி ஏற்பாடு பண்ணிருக்கோணும், விட்டுட்டோம்.

முட்டையோட தோலுக்கு உள்ள போயி ஒட்டறதுக்கு அணு மேல ஒரு சாவி, முட்டை மேல ஒரு பூட்டு. சாவிய 2005ல ஜப்பான்காரங்க கண்டுபுடிச்சு, அவங்கூர்ல கல்யாணத்துக்கு வேண்டிக்கற கோயில் பேரை வெச்சாங்க, இசுமோன்னு. பூட்டு கிடைக்க 2014 ஆச்சு. அதுக்கு ரோமாபுரிக் கல்யாண சாமி ஜூனோ பேரு. நம்மூர்ல கண்டுபுடிச்சிருந்தாத் திருமணஞ்சேரின்னு வெச்சிருப்பாங்க.

இதெல்லாம் எப்பத் தெரிய வந்துச்சுன்னு கேளு, நீ இருக்கறது பனியன் கம்பெனி, உனக்குப் புடிக்கும். 1677ல ஹாலந்து தேசத்துல டெல்ஃப்ட்ன்னு ஒரு ஊர்ல லேவன்ஹூக்ன்னு ஒரு துணி வியாபாரி. துணில நூல் எண்றதுக்கு லென்சு புடிச்சவர், அதையே தேச்சுத் தேச்சுப் பெருசு பண்ணி மழைத்தண்ணி, அது இதுன்னு கண்ணுல பட்டதையெல்லாம் பாத்துட்டார். மருத்துவம் படிக்கற பையன் ஒருத்தன் வந்து விந்துல வால் முளைச்ச பூச்சி ஓடுதுங்கன்னு சொன்னான். இவர் தன்னோடதையே நாடி ஆறு தடவை துடிக்கறதுக்குள்ள வெச்சுப் பாத்துட்டு, லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அதுலயும் ஒரு வெக்கம். இது பொண்டாட்டியோட சேந்ததுல மிஞ்சினதுதானுங்க, வேற பாவமான வழில எடுக்கலைங்கன்னு தாக்கல் சொல்லிக்கிட்டார். பாத்தியா, 350 வருசத்துக்கு முன்னாடி ஒரு துணிக்கடைக்காரர் தன்னோடதைத் தானே பாத்துச் சபைக்கு எழுதிப் போட்டிருக்கார். உனக்கு லேப்புப் பையன்கிட்ட டப்பாவைக் குடுக்கக் கூசுது.

எங்க தொழிலுக்குக் குலசாமி வேற ஆளு. இத்தாலிக்காரர், ஸ்பல்லன்சானி, பாதிரியார். ஆண் தவளைக்கெல்லாம் மெழுகு பூசின பட்டுத்துணில கால்சட்டை தெச்சுப் போட்டு விட்டார். நெசமாச் சொல்றேன். பெண் தவளை முட்டை போட்டுச்சு, ஒண்ணுகூடப் பொரிக்கல. கால்சட்டைல ஒட்டினதை எடுத்து முட்டை மேல தடவினார், பொரிச்சுது. அப்பறம் ஒரு நாய்க்கு ஊசிக்குழாய்ல ஏத்தி, 62 நாள்ல மூணு குட்டி போட வெச்சார். இத்தனையும் பண்ணிப்போட்டு அந்த மனுசன் கடைசிவரைக்கும் என்ன சொன்னார்ங்கறே? தண்ணிதான் காரியம் பண்ணுது, உள்ள ஓடற பூச்சி சும்மா ஒட்டுண்ணின்னு! நூறு வருசம் கழிச்சு 1876ல ஹெர்ட்விக்ன்னு ஒரு ஜெர்மன்காரர் கடல் முள்ளெலி முட்டைல நேராப் பாத்தப்பறம்தான் அணுவும் முட்டையும் ஒண்ணாச் சேர்றது வெளிச்சமாச்சு.

இப்ப நாள் கணக்குக்கு வா. உன்ர அணுவுக்கு அஞ்சு நாள். அவ முட்டைக்கு? ஒரே நாள், அதுவும் முழுசா இருக்காது. பன்னெண்டு மணியில இருந்து இருவத்தி நாலு மணி நேரம். அப்ப ஆரு ஆருக்குக் காத்திருக்கோணும்? பந்திக்கு முந்துன்னு சொல்றதில்லையா, இங்க அது சட்டம். முட்டை வந்தப்பறம் ஓடலாம்னு இருந்தா எலைய எடுத்திருப்பாங்க. அமெரிக்கால வட கரோலினால 221 பொம்பளைங்களை வெச்சு, 625 மாசக் கணக்குப் பாத்து 1995ல கட்டுரையாப் போட்டாங்க. கரு நின்னதெல்லாம் முட்டை வர்ற நாளும் அதுக்கு முந்தின அஞ்சு நாளும், ஆக மொத்தம் அந்த ஆறு நாள்ல சேந்தவங்களுக்குத்தான். மறுநாள் சேந்தவங்களுக்கு ஒண்ணுகூட நிக்கல.

நீ திருப்பூர்ல இருந்து ஊட்டுக்கு வர்றது எப்ப? சனிக்கிழமை ராத்திரி. ஞாயித்துக்கிழமை மத்தியானம் கறி தின்னுட்டு ஒரு உறக்கம், பொழுதோட பஸ். உன்ர ஷிப்ட்டு அவ முட்டைக்குத் தெரியுமா? ஆறு நாள் சன்னல், நீ வர்றது ஏழு நாளுக்கு ஒருக்கா. மாட்டினாலும் ஓரத்துல மாட்டலாம். அஞ்சு நாள் முன்னாடி சேந்தா பத்துல ஒரு பங்குதான் வாய்ப்பு, முட்டை வர்ற சமயத்துல சேந்தா மூணுல ஒண்ணு. மாடு கத்துச்சுன்னா நாங்க வெடியால பாத்தாப் பொழுதோட போடுவோம், பொழுதோட பாத்தா மறுநாள் வெடியால போடுவோம். சனிக்கிழமைதான் எனக்குத் தோதுன்னு எந்த டாக்டராவது சொன்னாரா? மனுசிக்கு மாடு மாதிரி கத்தற வழக்கமில்ல, அதனால நீதான் கணக்கு வெச்சுக்கோணும். அடுத்த தீட்டுக்குப் பதினாலு நாள் முன்னாடி, ஏறக்குறைய. அந்த வாரம் லீவு சொல்லு. ஒண்ணு விட்டு ஒரு நாள் போதும். சேத்து வெச்சாப் பலம் கூடும்னு பத்துப் பதினஞ்சு நாள் சேத்து வெக்காதே, கிடக்கக் கிடக்க ஓட்டம் கம்மியாகும்.

அந்த லேகியக்காரன்கிட்டயும் போயிட்டு வந்தியாமே. ஒரு சொட்டு விந்துக்கு நாப்பது சொட்டு ரத்தம்னு சொன்னானா? ரத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நீ சும்மா உக்காந்திருக்கறப்பவே நொடிக்கு ஆயிரத்துக்கு மேல அணு உருவாயிட்டுத்தான் இருக்கும். ஆனா ஒவ்வொண்ணும் வெதைச்சு வெளைய ஏறக்குறைய 70 நாள். பாசிப்பயறு அறுப்புக்கு வர்ற நாள். அப்பறம் இருவது அடி நீளச் சுருட்டுக் குழாய்ல ஒரு வாரம் பத்து நாள் ஊர்வலம். அதனால இன்னிக்குப் பீடிய விட்டா மூணு மாசம் கழிச்சுத்தான் வெள்ளாமை தெரியும். காய்ச்சல் வந்து போனாலும் அப்படித்தான்.

சூடு ஆகாது. கடவுள் அந்தப் பையை வெளிய தொங்க விட்டிருக்கறது அழகுக்கு இல்ல. ஒடம்பை விட ரெண்டு மூணு டிகிரி குளுமையா இருந்தாத்தான் வேலை நடக்கும். ஊட்டியில காளை வளக்கறது சும்மாவா? நீ அயர்ன் டேபிள் ஆவில நின்னுட்டு, ராத்திரில லேப்டாப்பை மடில வெச்சுட்டுப் படம் பாக்கறே. ஜிம்முல எவனாவது ஆம்பளைத்தனம் கூடும்னு டெஸ்டோஸ்டிரோன் ஊசி குத்தறேன்னா குத்திக்காதே. வெளிய இருந்து வந்து குமிஞ்சா உள்ள இருக்கற தொழிற்சாலை கதவைச் சாத்திரும். புஜம் பெருக்கும், கவுண்ட் சைபருக்கு வந்துரும். லேகியத்தை ஆட்டுக்குட்டிக்கும் போடாதே, அது பாவம்.

டெஸ்ட்ல என்ன வருமோன்னுதான பயம்? கேளு. வெதை நெல்லுன்னா நூத்துக்கு எம்பதாவது முளைச்சாத்தான் சான்றிதழ் தருவாங்க. மனுசனுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021ல போட்ட கணக்குல, நூத்துக்கு நாலு அணு உருப்படியா இருந்தாலே கீழ்க்கோட்டுக்கு மேலதான். ஒரு மில்லிக்கு ஒரு கோடியே அறுபது லட்சம். ஓட்டம் இருக்கறது நூத்துக்கு 42. நெல்லுக்கு முன்னாடி ஆம்பளைக்கு எத்தனை சலுகை பாரு! இந்தக் கோட்டுக்குக் கீழ வந்தாலும் கதை முடியல. விதைப்பைல நரம்பு சுருட்டுன்னா சரி பண்ணலாம், நூத்துல பதினஞ்சு ஆம்பளைக்கு இருக்கற சமாச்சாரம்தான். வயசுக்கு வந்தப்பறம் உனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துச்சே, அதை டாக்டர்கிட்ட மறக்காமச் சொல்லு. வேற எதுவும் பலிக்காட்டியும் 1992ல இருந்து ஒரே ஒரு அணுவை ஊசில எடுத்து முட்டைக்குள்ள வெக்கற வித்தை இருக்குது. புள்ள இல்லாத சோடிகள்ல பாதிப் பேருக்கிட்ட ஆம்பளை பக்கமும் குறை இருக்கும். நீ என்ன ஊர் உலகத்துல இல்லாத ஆளா?

இந்தா, இந்தச் சீட்டைப் புடி. நேத்தே லேப்புல கேட்டு எழுதி வெச்சேன். ரெண்டு நாளுக்குக் கொறையாம, ஏழு நாளுக்கு மிஞ்சாம ஒதுங்கி இருந்துட்டுப் போகோணும். எண்ணெய், எச்சில், ஆணுறை எதுவும் ஆகாது, அணு செத்துப்போகும். அங்கயே எடுத்துக் குடுக்கறது உத்தமம். ஊட்டுல எடுத்தா டப்பாவைப் பெட்டில வெக்காதே, சட்டைக்குள்ள ஒடம்போட ஒட்டி வெச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள சேத்துரோணும். ஒரு தடவை கம்மியா வந்தா இன்னொரு தடவை பாக்கச் சொல்லுவாங்க, நடுங்காதே.

வெள்ளிக்கிழமை லேப்பு ஏழு மணிக்குத் தொறக்கறாங்க. அந்தப் புள்ளையக் கூட்டிட்டுப் போகாதே. இந்தத் தடவை நீ மட்டும் போ.